வண்டியில் ஏறிய விலங்கு: நாயின் பயணக் கூண்டும் நம் விதிகளின் மௌனமும்

கொல்கத்தாவின் டல்ஹவுசி சதுக்கப் பகுதியில், அலுவலக நேரத்து நெரிசலில் எவரும் நின்று பார்க்காத ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்னும் ஓவியரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. 1861இல் இந்நகரத்தில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அன்றைய தெருக்களில் அளவுக்கு மீறிய பாரத்தை இழுத்துச் சென்ற மாடுகளும் குதிரைகளும்தாம் அவருடைய மனத்தை வருத்தின. இந்தியாவில் விலங்குநலச் சிந்தனை நிறுவன வடிவம் பெற்றது, இவ்வாறு ஒரு போக்குவரத்துச் சிக்கலிலிருந்துதான்.

ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின் அதே தெருக்களில் வண்டி இழுக்கும் விலங்குகள் அருகிவிட்டன. வண்டிக்குள் ஏறி அமர்ந்த விலங்குகள் பெருகிவிட்டன. கரியாவிலிருந்தும் பெஹாலாவிலிருந்தும் பெல்காச்சியாவின் கால்நடை மருத்துவமனைக்கு நாய்கள் காரில் செல்கின்றன. விடுமுறை நாள்களில் திகா கடற்கரைக்கும் சாந்திநிகேதனுக்கும் குடும்பத்தோடு அவையும் பயணப்படுகின்றன. ஞாயிறு காலைகளில் பாக்பஜாரை ஒட்டிய காலிஃப் தெருச் சந்தையில் செடி, மீன், பறவை ஆகியவற்றோடு விற்கப்படும் குட்டி, ஓர் அட்டைப் பெட்டியிலோ வாங்கியவரின் மடியிலோ தன் முதல் பயணத்தை மேற்கொள்கிறது. வண்டியை இழுத்த விலங்குக்காகத் தொடங்கிய அக்கறை, வண்டியில் ஏறிய விலங்கை இன்னும் முழுமையாக எட்டவில்லை. நாய்க்குப் பயணக் கூண்டு வாங்கும் எளிய செயலை உற்றுநோக்கினால் இந்த இடைவெளி தெளிவாகப் புலப்படும்.

கூண்டு வாங்குவோர் பெரும்பாலும் இரண்டே கேள்விகளோடு கடைக்குச் செல்கின்றனர்: நாய் இதற்குள் அடங்குமா? விலை என்ன? கடைக்காரரிடமும் இவற்றுக்கு அப்பால் விடை இருப்பதில்லை. அந்தக் கூண்டு எந்த வாகனத்தில், எந்த இடத்தில், எதனோடு பிணைக்கப்பட்டு வைக்கப்படப் போகிறது என்னும் கேள்வி எழுவதே அரிது. இதற்கு வாங்குவோரின் அறியாமையை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. நாட்டின் சட்டமும் இதுவரை அந்தக் கேள்வியை எழுப்பவில்லை.

ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக உருவானது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். தேவையற்ற துன்பம் விளையும் வகையில் ஒரு விலங்கை ஏற்றிச் செல்வதை அதன் 11ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. உயரத்திலும் நீளத்திலும் அகலத்திலும் போதாத கூண்டில், நியாயமான அளவு அசைவதற்கு வாய்ப்பின்றி அடைத்து வைப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. முதல் முறை குற்றம் புரிந்தவருக்குத் தண்டத்தொகை 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. 1960இன் ரூபாய் மதிப்பில் எழுதப்பட்ட தொகை அது. இன்று ஒரு பயணக் கூண்டோடு இலவசமாகத் தரப்படும் தண்ணீர்க் கிண்ணத்தின் விலைகூட அதைவிட மிகுதி.

இச்சட்டத்தின் கீழ் 1978இல் இயற்றப்பட்ட விலங்குகள் போக்குவரத்து விதிகள் நாய்க்கும் பூனைக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கியுள்ளன. பயணத்துக்குத் தகுதியானது எனக் கால்நடை மருத்துவர் சான்றளிக்க வேண்டும். கருமுற்றிய நாயைக் கொண்டுசெல்லக் கூடாது. கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளிர்காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீர் தர வேண்டும். கூண்டை வாகனத்தின் கூரைமீது வைக்கக் கூடாது. கூண்டின் அளவும் வகையும் அட்டவணையில் சொல்லப்பட்டவற்றை இயன்றவரை ஒத்திருக்க வேண்டும். அதன்மேல் அனுப்புநர், பெறுநர் ஆகியோரின் பெயரும் முகவரியும் எழுதப்பட வேண்டும். அக்காலத்தை எண்ணிப் பார்த்தால் கருணையுள்ள விதிகள்தாம் இவை. ஆனால் ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ ஆகிய சொற்களிலேயே அவற்றின் எல்லை தெரிந்துவிடுகிறது: விதிகளின் பார்வையில் நாய் ஒரு சரக்கு, உயிருள்ள சரக்கு. பொது வாகனத்தில் நாயை ஏற்றிச் செல்பவர் இயன்றவரை சீரான வேகத்தில் ஓட்டித் திடீர் நிறுத்தங்களைத் தவிர்க்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. தவிர்க்க முடியாமல் அந்தத் திடீர் நிறுத்தம் நேர்ந்துவிட்டால் கூண்டு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி அவை ஏதும் கூறுவதில்லை.

அந்த ஒரு நொடியில் நிகழ்வதை அறியப் பள்ளி இயற்பியலே போதும். மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரில் 20 கிலோ எடையுள்ள நாய் இருப்பதாகக் கொள்வோம். கார் எதன்மீதாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், அந்த நாயையும் அதே தூரத்துக்குள் நிறுத்தச் சராசரியாக 3,500 நியூட்டன் விசை தேவை. ஏறத்தாழ 360 கிலோ எடையை ஏந்திப் பிடிப்பதற்கு ஒப்பானது அது. மடியில் வைத்திருப்பவரின் கைகளுக்கு அந்த வலிமை கிடையாது. கட்டப்படாத நாய் மோதும் வேகம், 9 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழும் பொருளின் வேகத்துக்குச் சமம். கொல்கத்தாவின் நெரிசலில் அவ்வளவு வேகம் ஏது என்று கேட்கலாம். வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிறது. அப்போதும் அது இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து எதிர்பாராமல் விழுவதற்கு ஒப்பாகும். நள்ளிரவில் ஈ.எம். புறவழிச்சாலையிலும் மா மேம்பாலத்திலும் செல்லும் வண்டிகளைப் பார்த்தவர்கள், வேகம் இந்நகரத்துக்கு அந்நியமானது என்று சொல்லமாட்டார்கள்.

பின்னிருக்கையிலிருந்து எறியப்படும் 20 கிலோ உடல், முன்னிருக்கையில் இருப்பவரின் கழுத்திலும் தலையிலும் மோதுகிறது. எனவே இது நாயின் உயிரோடு மனித உயிரும் தொடர்புடைய சிக்கல். பிரிட்டனின் நெடுஞ்சாலை நெறிமுறைத் தொகுப்பில் 57ஆம் விதி இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்கிறது: ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்காதவாறும், திடீரென நின்றால் மனிதருக்கோ தனக்கோ காயம் விளைவிக்காதவாறும் நாய் தகுந்த முறையில் கட்டுப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கூண்டு தேர்வின் மையச் சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. கூண்டின் அளவைப் பற்றி உலகெங்கும் அறியப்பட்ட சூத்திரம், பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமாகிய ஐயாட்டாவின் உயிர்விலங்கு ஒழுங்குமுறையில் உள்ளது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையிலான நீளத்தோடு, தரையிலிருந்து முழங்கை மூட்டு வரையிலான உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம் கிடைக்கும். உடலின் மிக அகன்ற பகுதியின் இருமடங்கு கூண்டின் அகலம். நிற்கும்போது தலையுச்சி அல்லது காது நுனி, இவற்றில் எது உயர்ந்ததோ அது வரையிலான உயரத்தோடு விரிப்பின் தடிமனைச் சேர்த்தால் கூண்டின் உயரம். பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு இதைவிட 10 விழுக்காடு பெரிய கூண்டு வேண்டும்.

நடுத்தர உடற்கட்டுள்ள ஒரு நாட்டு நாயை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 75 சென்டிமீட்டர், முழங்கை உயரம் 35, அகலம் 20, தலை உயரம் 60 என்றால் கூண்டின் நீளம் 92.5 சென்டிமீட்டராகவும் அகலம் 40 ஆகவும் உயரம் 60க்குச் சற்று மேலாகவும் அமைய வேண்டும். நகரத்தில் பரவலாக ஓடும் சிறிய ஹேட்ச்பேக் கார்களின் பின்பகுதியில் இதை நீளவாக்கில் வைக்க இடமிராது. குறுக்காக வைக்க முடியுமா என்பதை அளந்துதான் அறிய வேண்டும். வீட்டிலேயே இந்த நான்கு அளவுகளையும் எடுக்காமல் கடைக்குச் செல்பவர், நாயை ‘நடுத்தரம்’, ‘பெரிது’ என்னும் சொற்களால் அளக்க நேர்கிறது. அந்தச் சொற்களோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றன.

ஆயினும் இச்சூத்திரம் விமானத்துக்காக உருவானது. பல மணி நேரம் மனிதத் துணையின்றிச் சரக்கறையில் இருக்கும் விலங்கு நிற்கவும் திரும்பவும் இயல்பாகப் படுக்கவும் வேண்டும் என்பதே அதன் நோக்கம். சாலை வாகனத்தில் நேரும் மோதலுக்கு வேறொரு தர்க்கம் உண்டு. கூண்டின் உள்ளே வெற்றிடம் மிகுந்தால், கார் நின்ற பின்னும் நாய் தன் பழைய வேகத்தோடு அந்த வெற்றிடத்தைக் கடந்து சுவரில் மோதும். இடைவெளி குறைந்தால் அந்த மோதலின் கடுமையும் குறையும். அசைவுக்கு இடம் தருவது கருணை என்கிறது 1960இன் சட்டம். மிகுதியான இடம் ஆபத்து என்கிறது மோதலின் இயற்பியல். இரண்டும் உண்மை. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அளவைக் கண்டடைவதே கூண்டைத் தேர்ந்தெடுப்பவரின் பணி. நாய் நிற்கவும் திரும்பவும் படுக்கவும் தேவையான இடம் வேண்டும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு அங்குலமும் சாலைப் பயணத்தில் நன்மை தருவதில்லை. ‘வளரும் குட்டிதானே’ என்று இரண்டு அளவு பெரிய கூண்டை வாங்குவது சிக்கனம்போலத் தோன்றினாலும் பாதுகாப்பாகாது. பெரிய கூண்டை வாங்கியே தீர வேண்டுமெனில், உறுதியான தடுப்புப் பலகையால் அதன் உள்ளளவைக் குறைத்துக் குட்டி வளர வளர நகர்த்திக்கொள்வது தகும்.

அடுத்தது கூண்டின் பொருள். துணியால் ஆன மடக்குக் கூண்டு வீட்டு மூலையில் நாய் உறங்குவதற்கு நன்று. மோதலில் அது ஒரு திரைச்சீலைக்கு நிகர். கம்பியால் ஆன மடக்குக் கூண்டு காற்றோட்டத்தில் சிறந்தது. ஆனால் மடங்குவதற்காக அமைந்த அதன் மூட்டுகளே அதன் வலுவற்ற இடங்களாகின்றன; கம்பி முறிந்தால் அதன் முனை நாயின் உடலை நோக்கித் திரும்பும். இரண்டு பாதிகளைத் திருகாணியால் இணைத்த பிளாஸ்டிக் கூண்டு, மோதலின் விசையில் அந்த இணைப்பில் பிளக்கக்கூடும். அலுமினியச் சட்டகக் கூண்டுகளும், இரட்டைச் சுவருள்ள தடித்த பிளாஸ்டிக் கூண்டுகளும் வலுவானவை; அவற்றின் விலையும் எடையும் அதற்கேற்ப உயர்கின்றன.

வலிமையை எப்படி அறிவது? இங்குதான் விளம்பரச் சொற்களை ஆராய்ச்சிக் கண்ணோடு வாசிக்க வேண்டும். ‘மோதல் சோதனை செய்யப்பட்டது’ என்னும் அறிவிப்பு, சோதனை நடந்ததை மட்டுமே கூறுகிறது. அதன் முடிவைக் கூறுவதில்லை. எந்த வேகத்தில், எவ்வளவு எடையுள்ள பொம்மை நாயை வைத்து, கூண்டை எதனோடு கட்டி, யார் சோதித்தார்கள் என்னும் நான்கு விவரங்களும் இல்லாத அறிவிப்புக்கு ஆய்வு மதிப்பு ஏதும் இல்லை. அமெரிக்காவின் செல்லவிலங்குப் பாதுகாப்பு மையம் என்னும் தன்னார்வ அமைப்பு, சுபாரு கார் நிறுவனத்தின் ஆதரவோடு 2015இல் நடத்திய ஆய்வில், கூண்டு வகையில் மிகச் சிறந்ததாகத் தேர்வானது ஒன்றே ஒன்றுதான்: கன்னர் நிறுவனத்தின் இரட்டைச் சுவர்க் கூண்டு. வலுவான பட்டைகளால் வாகனத்தோடு பிணைக்கப்பட்ட நிலையில்தான் அது அந்த முடிவை எட்டியது. கட்டப்படாத கூண்டு எத்துணை உறுதியானதாயினும், நாயின் எடையோடு தன் எடையையும் சேர்த்துக்கொண்டு பாயும் ஒரு பொருளாகிவிடுகிறது. எனவே கூண்டும் கட்டும் ஒரே சாதனத்தின் இரு பகுதிகள்.

கட்டுவதற்கான கொக்கிகள் எல்லாக் கார்களின் பின்பகுதியிலும் இருப்பதில்லை. கூண்டு வாங்குமுன் தம் காரில் அவை எங்கே உள்ளன, எத்துணை எடையைத் தாங்கும் என்பதை வாகனக் கையேட்டில் பார்த்தறிவது நலம். சீட் பெல்ட்டைப் பிளாஸ்டிக் கூண்டின் மேல்வழியே சுற்றி மாட்டும் பழக்கம் பரவலாக உள்ளது. கூண்டைத் தயாரித்தவரே அவ்வாறு சோதித்துப் பரிந்துரைத்திருந்தால் மட்டுமே அதைப் பின்பற்றலாம். இல்லையேல் மோதலில் இறுகும் பெல்ட் கூண்டை நசுக்கிவிடக்கூடும்.

வலிமை ஒன்றே போதும் என்பதும் முழு உண்மையன்று. பின்பகுதியில் வைத்த கூண்டு மிகவும் விறைப்பானதாக இருந்தால், மோதலின் விசை முழுவதும் பின்னிருக்கையின் முதுகுப் பகுதிக்குச் சென்று அங்கு அமர்ந்திருக்கும் குழந்தையைத் தாக்கக்கூடும். ஸ்வீடனின் மிம்சேஃப் நிறுவனம் தயாரிக்கும் வேரியோகேஜ் என்னும் கூண்டு இதைக் கருத்திற்கொண்டு, மோதலின்போது தானே ஓரளவு சுருங்கி ஆற்றலை உள்வாங்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. பின்னால் வந்த வாகனம் மோதிப் பின்கதவு திறக்க முடியாமல் போனால், பின்னிருக்கைப் பக்கமாக நாயை வெளியேற்ற ஓர் அவசர வாசலும் அதில் உண்டு. இத்தகைய கூண்டை அனைவராலும் வாங்க இயலாது. ஆனால் அது எழுப்பும் கேள்விகளை எந்தக் கூண்டை வாங்குபவரும் கேட்கலாம்: விசை எங்கே போகும்? கதவு நெரிந்தால் நாய் எவ்வழியே வெளியே வரும்?

அயல்நாட்டு ஆய்வுகள் போதிய அழுத்தம் தராத ஒன்று கொல்கத்தாவுக்கு உண்டு. அது வெப்பமும் ஈரப்பதமும் கூடிய காற்று. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. நாக்கிலிருந்தும் மூச்சுப் பாதையிலிருந்தும் ஈரம் ஆவியாக வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களின் கங்கைச் சமவெளிக் காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் அந்த ஆவியாதல் தளர்கிறது. நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். 41ஐத் தாண்டினால் வெப்பத்தாக்கு உயிருக்கு ஆபத்தாகும். சியால்தா மேம்பாலத்திலோ ஷியாம்பஜார் ஐந்து முனைச் சந்திப்பிலோ சிக்னலில் நிற்கும் காரின் பின்பகுதிக்கு முன்பக்கக் குளிர்காற்று எட்டுகிறதா என்பதைக் கூண்டு வாங்குமுன் ஒருமுறை அங்கே கையை நீட்டிப் பார்த்துவிடலாம். 2005இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழான பீடியாட்ரிக்ஸில் வெளிவந்த ஓர் ஆய்வு, வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள் வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்ததையும், அதில் பெரும்பகுதி முதல் அரைமணிக்குள்ளேயே நிகழ்ந்ததையும், கண்ணாடியைச் சிறிதளவு இறக்கிவைப்பதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லாததையும் காட்டியது. ஆகவே சுவர் தடித்த கூண்டைத் தேர்வோர் நான்கு பக்கமும் காற்றுத் துளைகள் உள்ளனவா என்பதையும், பயணப் பைகள் அவற்றை அடைக்கின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும். செடான் காரின் மூடிய டிக்கிக்குள் எந்தக் கூண்டையும் எந்தப் பருவத்திலும் வைக்கலாகாது. பழைய மஞ்சள் அம்பாசடர் டாக்சியின் டிக்கிக்கும் இதுவே பொருந்தும்.

கூண்டே நுழையாத வாகனங்களும் உண்டு. சிறு நாயெனில், உறுதியான சிறு கூண்டை முன்னிருக்கைக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் இறுக்கமாகப் பொருத்துவது, டாக்சியில் செல்வோருக்கும் கைகூடும் எளிய வழி; மோதலில் அது பாய்வதற்கு இடம் இராது. பெரிய நாயெனில், மோதல் சோதனையில் தேறிய மார்புப் பட்டையைப் பின்னிருக்கை சீட் பெல்ட்டோடு இணைக்கலாம். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இணைக்கக் கூடாது. முன்னிருக்கை எதற்கும் ஏற்றதன்று. இப்போதைய கார்களில் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயமாகியுள்ளது. முதிர்ந்த மனித உடலுக்காக விரியும் அந்தப் பை, மடியிலிருக்கும் நாயை ஓர் ஆயுதமாக மாற்றிவிடும்.

எந்தக் கூண்டாயினும், பயண நாளன்று முதன்முதலாக அதைக் கண்ட நாய்க்கு அது சிறை. பல வாரங்களுக்கு முன்பே வீட்டில் கதவைத் திறந்துவைத்து, உள்ளே உணவிட்டு, பழைய விரிப்பைப் போட்டு, நாய் தானாகச் சென்று உறங்கும் இடமாக அதை மாற்ற வேண்டும். மிரண்ட நாய் பல்லாலும் நகத்தாலும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதை எந்த எஃகும் தடுக்காது. மருத்துவரின் அறிவுரையின்றி மயக்க மருந்து கொடுப்பது இதற்குத் தீர்வாகாது.

இவையெல்லாம் வசதி படைத்தோரின் கவலைகள் என்னும் மறுப்பு எழக்கூடும். மனிதர்களே பாதுகாப்பின்றிப் பயணிக்கும் நகரத்தில் நாய்க்கு மோதல் சோதனையா என்று கேட்பவரின் கேள்வியைப் புறந்தள்ளிவிட முடியாது. ஆனால் தரநிலை இல்லாத சந்தையில் பாதிக்கப்படுபவர் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பணம் உள்ளவர் வெளிநாட்டுக் கூண்டை வரவழைத்துக்கொள்வார். சேமித்த பணத்தில் ஒரேயொரு கூண்டு வாங்கும் ஆசிரியரோ கடை ஊழியரோதான், ‘உறுதியானது’ என்னும் வாய்ச்சொல்லை நம்பி ஏமாறுகிறார்.

ரயிலிலும் இதே படிநிலை நிலவுகிறது. லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று ஊர் திரும்ப முடிவெடுத்தால், ஹௌராவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர், ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணம். குளிர்சாதன முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் பதிவுசெய்ய முடிந்தவரின் நாய் அவரோடு வரும். இயலாதவரின் நாய் கார்டு பெட்டியிலுள்ள நாய்ப்பெட்டியில், இரும்புத் தகட்டின் இரைச்சலுக்குள் தனியே வரும். தெருநாய்களின் நிலையும் எண்ணத்தக்கது. 2023ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி, பிடிக்கப்படும் தெருநாய் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பின் அதே இடத்தில் விடப்பட வேண்டும். டெல்லித் தெருநாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தன் முந்தைய உத்தரவைத் திருத்தியபோதும் வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர ஏனையவற்றுக்கு இந்நெறியையே பின்பற்றியது. ஆக, கருத்தடைக்கு உட்படும் ஒவ்வொரு தெருநாயும் குறைந்தது இருமுறை ஒரு கூண்டு வண்டியில் பயணம் செய்கிறது. கூண்டின் தரம் மாளிகைகளின் கவலையோடு முடிந்துவிடுவதில்லை. நகராட்சி வண்டியின் அடித்தளம் வரை அது நீள்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பும் ஆற்றல் நாட்டிலேயே உள்ளது. 1893இல் தொடங்கிய வங்காளக் கால்நடைக் கல்லூரியின் மரபில் வந்த மேற்கு வங்க விலங்கு, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகம் பெல்காச்சியாவில் இருக்கிறது. ஜாதவ்பூரிலும் கரக்பூரிலும் இயந்திரப் பொறியியல் துறைகள் இருக்கின்றன. வாகனச் சோதனைக்குப் புணேயில் ஏஆர்ஏஐ நிறுவனமும் சென்னையை அடுத்த ஓரகடத்தில் ஜிஏஆர்சி மையமும் இயங்குகின்றன. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் திட்டம், கார்களைச் சுவரில் மோதவிட்டுப் பெரியவருக்கும் குழந்தைக்கும் கிடைக்கும் பாதுகாப்பைத் தனித்தனியே மதிப்பிடுகிறது. நாயின் உடற்கூறு அறிந்தவரும் மோதலின் விசை அறிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்தால், ஒரு முனைவர் பட்ட ஆய்வின் கால அளவுக்குள் அடிப்படைச் சோதனை முறை ஒன்றை வரைந்துவிட முடியும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதன் அடிப்படையில் ஒரு தரநிலையை வகுக்கட்டும். ஒவ்வொரு கூண்டின்மீதும் மூன்று விவரங்கள் கட்டாயமாக அச்சிடப்படட்டும்: எத்துணை எடை வரையுள்ள நாய்க்கு, எந்த வேகத்தில் சோதிக்கப்பட்டது, வாகனத்தில் எங்ஙனம் கட்டப்பட வேண்டும். சோதிக்கப்படாததாயின் ‘வாகனப் பயணத்துக்குச் சோதிக்கப்படவில்லை’ என்று வெளிப்படையாக எழுதப்படட்டும். 1978இன் விதிகளில் கூண்டின் அளவோடு அதைக் கட்டும் முறையும் சேர்க்கப்படட்டும். தண்ணீருக்கும் காற்றுக்கும் இடத்துக்கும் ஏற்கெனவே கருணையோடு எழுதப்பட்ட விதிகளில், நிற்கும் நொடிக்கும் ஒரு வரி எழுதுவது பெரும் செலவாகாது.

அதுவரை கூண்டு வாங்குவோர் தம் கேள்விகளின் வரிசையையாவது மாற்றிக்கொள்ளலாம். முதலில் வாகனம்: எங்கே வைப்பது, எதனோடு கட்டுவது? அடுத்து நாயின் உடல்: நான்கு அளவுகள், எடை, மூக்கின் வடிவம். பிறகு காற்று: நான்கு பக்கத் துளை, குளிர்காற்று எட்டும் தொலைவு. பிறகு சோதனைச் சான்று. கடைசியில் விலை. பாரம் இழுத்த மாட்டைக் கண்டு நின்ற ஒருவரிடமிருந்து இந்நகரத்தில் ஒரு சங்கம் பிறந்தது. பின்னிருக்கையில் நின்றுகொண்டு சன்னல் வழியே தலையை நீட்டிக் காற்றை முகர்ந்தபடி ரெட் ரோட்டில் செல்லும் நாயைக் கண்டு புன்னகைப்பவர்கள், கார் அடுத்த சிக்னலில் திடீரென நின்றால் என்னாகும் என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.